மணாலி–லே நெடுஞ்சாலை: முதன்முறை செல்வோருக்கு முழுமையான வழிகாட்டி

ரோத்தாங் கணவாய்க்கு அடியில் செல்லும் அடல் சுரங்கப்பாதை வழியாகச் சென்றால் ஹிமாச்சலத்தின் மணாலியிலிருந்து லடாக்கின் லே வரை ஏறத்தாழ 430 கி.மீ. சென்னை–மதுரை தூரம்கூட இல்லையே என்று எண்ணி இரண்டு நாளில் முடித்துவிடத் திட்டமிட்டு வருபவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். அவர்களில் பலர் வழியில் ஏதாவதொரு கூடாரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும் பார்க்கிறேன். இந்தச் சாலையில் திட்டத்தைக் கிலோமீட்டரில் தொடங்கக் கூடாது. எந்த உயரத்தில் எத்தனை இரவு தூங்கப் போகிறோம் என்பதில் தொடங்க வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசையும் அதை ஒட்டியதுதான்.

1. முதலில் திசையை முடிவு செய்யுங்கள்

லேவுக்குத் தரைவழியில் இரண்டு முதன்மைச் சாலைகள் உள்ளன. ஒன்று மணாலியிலிருந்து வருவது. மற்றொன்று ஸ்ரீநகரிலிருந்து சோஜி லா, திராஸ், கார்கில் வழியாக வருவது. லடாக்கி மொழியில் ‘லா’ என்றாலே கணவாய்தான்.

விடுப்பு இருந்தால் ஸ்ரீநகர் வழியாக ஏறி மணாலி வழியாக இறங்குவதே நல்லது. ஸ்ரீநகர்ச் சாலையின் மிக உயர்ந்த இடமான ஃபோட்டு லா 4,108 மீட்டர்; இரவு தங்கும் கார்கில் 2,700 மீட்டருக்குள்தான் இருக்கிறது. உடல் படிப்படியாகப் பழகும். மணாலிச் சாலையிலோ 2,050 மீட்டரில் தொடங்கி, ஒரே பகலில் பாரலாச்சா லா (4,890 மீட்டர்), லாச்சுங் லா (5,059), டங்லங் லா (5,328) ஆகிய கணவாய்களைக் கடக்க நேரிடும். லேயில் சில நாள் தங்கிய உடலுக்கு அது பெரிய சுமையாக இராது; டெல்லியிலிருந்து நேராக வந்த உடலுக்குச் சுமைதான்.

மணாலி வழியாகத்தான் ஏற வேண்டும் என்றால் ஏறலாம். அப்போது மூன்றாம் படியில் சொல்லப்படும் இரவுகளைக் குறைக்கவே கூடாது.

2. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

குளிர்காலத்தில் இந்தச் சாலையைப் பனி மூடிவிடும். எல்லைச் சாலைகள் அமைப்பு பனியை அகற்றிய பிறகே திறக்கப்படும். அண்மை ஆண்டுகளில் மார்ச், ஏப்ரலிலேயே திறக்கப்பட்டதாகச் செய்தி வருவதுண்டு. அதைக் கண்டு உடனே கிளம்பிவிடாதீர்கள். தொடக்க வாரங்களில் ஒரு நாள் மேலேறும் வண்டிகள், மறுநாள் கீழிறங்கும் வண்டிகள் என்று முறைவைத்து விடுவார்கள். சாலையோர உணவுக்கடைகளான தாபாக் கூடாரங்களும் அதற்குள் முளைத்திருக்காது. அவை இல்லாத சாலையில் வண்டி நின்றுவிட்டால் ஒதுங்கக்கூட இடம் கிடையாது.

புதியவர்களுக்கு ஜூன் பிற்பகுதியும் செப்டம்பர் முதல் மூன்று வாரங்களும் ஏற்றவை. ஜூலை, ஆகஸ்டில் லடாக் பக்கம் மழை குறைவாக இருந்தாலும், மணாலியை எட்டுவதற்கு முன்பே மண்டிக்கும் குல்லுவுக்கும் இடையில் நிலச்சரிவில் சிக்க வாய்ப்புண்டு. 2023 ஜூலை வெள்ளத்தில் பியாஸ் ஆறு அந்தச் சாலையைப் பல இடங்களில் அரித்தே கொண்டுபோனது. அக்டோபரில் வானம் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் காலையில் தார்ச்சாலையின் மீது கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் படலம் படிந்திருக்கும். அதில் இருசக்கர வண்டி நிற்காது.

3. இரவுத் தங்கல்களை உயரத்தை வைத்துக் குறியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

மணாலிக்கும் லேவுக்கும் இடையில் தங்கத்தக்க இடங்கள் இரண்டு கொத்தாக உள்ளன. தாழ்வான கொத்தில் சிசு, கேலாங், ஜிஸ்பா ஆகியவை ஏறத்தாழ 3,100 முதல் 3,200 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அடுத்த கொத்தில் சர்ச்சு 4,290 மீட்டரிலும் பாங் ஏறத்தாழ 4,600 மீட்டரிலும் உள்ளன. பலரும் மணாலியில் ஓரிரவு, சர்ச்சுவில் ஓரிரவு, மூன்றாம் நாள் லே என்று போடுகிறார்கள். தூரத்தை இரண்டாகப் பிரிக்க சர்ச்சு வசதியான இடம். அந்த வசதிதான் வலை.

காரணம் சாலையின் அமைப்பில் இருக்கிறது. சர்ச்சு ஒரு கிண்ணத்தின் அடி போன்றது. பின்னால் பாரலாச்சா லா, முன்னால் நகீ லாவும் லாச்சுங் லாவும். உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர மலை நோய் தாக்கினால் செய்ய வேண்டிய முதல் வேலை கீழே இறங்குவது. ஆனால் சர்ச்சுவிலிருந்தும் பாங்கிலிருந்தும் இறங்க வேண்டுமானால் முதலில் இன்னும் மேலே ஏறியாக வேண்டும்.

என் முதல் பயணத்தில் நானும் சர்ச்சுவில்தான் தங்கினேன். நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி இருக்கும். எங்கள் குழுவிலிருந்த ஈரோட்டுத் தம்பி கூடாரத்துக்குள் எழுந்து உட்கார்ந்து, “அண்ணா, படுத்தா மூச்சு அடைக்குது, உக்காந்தா பரவால்ல” என்றான். விளக்கைப் போட்டுப் பார்த்தால் உதடு வெளிறியிருந்தது. வெளியே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே. ஓட்டுநர் அந்த இருட்டில் பாரலாச்சாவில் ஏற மறுத்தார், அவர் மறுத்ததும் சரிதான். விடியும்வரை அவனைச் சாய்த்து உட்காரவைத்துக் காவல் காத்தோம். வெளிச்சம் வந்ததும் திரும்பிக் கணவாயைக் கடந்து ஜிஸ்பாவுக்கு இறங்கினோம். மாலையில் இரண்டு தட்டு ராஜ்மா சாதம் சாப்பிட்டான்.

அதன் பிறகு நான் பின்பற்றுவதும் பிறருக்குச் சொல்வதும் இதுதான். மணாலியில் ஓரிரவு. ஜிஸ்பாவிலோ கேலாங்கிலோ இரண்டு இரவுகள். இடைப்பட்ட பகலில் சும்மா உறங்கிக் கிடக்காமல் ஜிஸ்பாவை அடுத்த தார்ச்சாவைத் தாண்டி தீபக் தால் ஏரி வரை ஏறிப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். பகலில் உயரம் தொட்டு இரவில் தாழ்வில் தூங்கினால் உடல் விரைவில் பழகும். நான்காம் நாள் விடியலுக்கு முன் கிளம்பி, மூன்று பெரிய கணவாய்களையும் ஒரே பகலில் கடந்து, டங்லங் லாவுக்கு அப்பால் உள்ள ரும்ட்சே, லாத்தோ போன்ற கிராமங்களில் தங்குங்கள். ஜிஸ்பாவிலிருந்து ரும்ட்சே ஏறத்தாழ 260 கி.மீ. அந்தக் கிராமங்களும் 4,000 மீட்டரை ஒட்டியவைதான் என்றாலும், அங்கிருந்து சாலை சிந்து நதி வரை இறங்கிக்கொண்டே போகும். நடுவில் ஏற்றம் கிடையாது. நேரம் இருந்தால் அன்றே லே சேர்ந்துவிடலாம்.

4. மணாலிக்கு வருவதற்குள் முடிக்க வேண்டியவை

வண்டியின் பதிவுச் சான்று, காப்பீடு, மாசுச் சான்று, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் மூலமும் நகலும் கையில் இருக்கட்டும். தார்ச்சா காவல் சோதனைச் சாவடியில் பெயரையும் வண்டி எண்ணையும் பதிவு செய்வார்கள். தாமதமாகிறது என்று சலித்துக்கொள்ள வேண்டாம். மேலே ஏதாவது நேர்ந்தால் நீங்கள் அந்தப் பக்கம் போனதற்கு அந்தப் பதிவுதான் சாட்சி.

சுரங்கப்பாதை வழியாகச் செல்ல அனுமதிச் சீட்டு தேவையில்லை. பழைய ரோத்தாங் கணவாய் வழியாக ஏற வேண்டுமானால் தேவை. லேவுக்குப் போய்ச் சேர்வதற்கும் அனுமதி வேண்டாம். அங்கிருந்து நுப்ரா பள்ளத்தாக்குக்கோ பாங்காங், சோ மோரிரி ஏரிகளுக்கோ போகும்போதுதான் இந்தியர்கள் சுற்றுச்சூழல் கட்டணம் செலுத்திய சீட்டை வைத்திருக்க வேண்டும்.

பிற மாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும். அதற்கும் தார்ச்சாவுக்கும், சிந்து நதிக்கரையிலுள்ள உப்ஷிக்கும் இடையே சிக்னல் கிடைக்கும் என்று நம்பித் திட்டமிடாதீர்கள். வரைபடத்தை முன்பே பதிவிறக்கி வைத்துவிட்டு, வீட்டுக்கு “நாளை இரவு வரை பேச முடியாது” என்று சொல்லிவிடுங்கள். பணமாகவும் எடுத்துக்கொள்ளுங்கள், கேலாங்கை விட்டால் லேயை நெருங்கும்வரை ஏ.டி.எம். கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

தமிழ்நாட்டிலிருந்து பைக்கை ரயில் பார்சலில் டெல்லிக்கு அனுப்புபவர்கள் பெட்ரோலை முழுவதும் வடித்துவிட வேண்டும் என்பதை அறிவார்கள். இறங்கிய பிறகு பிரேக், கிளட்ச் கேபிள்களை ஒருமுறை சோதிக்க மறப்பதுதான் பிழை. ஏற்றி இறக்குகையில் நெம்புகோல்கள் வளைந்திருப்பது சாதாரணம். மணாலியில் வாடகைக்கு எடுக்க நினைப்பவர்களுக்கு ஒன்று: வெளியூர் வாடகை வண்டியை லே வரை ஓட்டலாம், ஆனால் லேயிலிருந்து நுப்ரா, பாங்காங் செல்ல உள்ளூர்ச் சங்கத்தினர் விடமாட்டார்கள். அங்கே மீண்டும் ஒரு வண்டி எடுக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

சொந்த வண்டியே இல்லை என்றாலும் வழியுண்டு. ஹிமாச்சல் அரசுப் போக்குவரத்துக் கழகம் கோடையில் டெல்லி–லே பேருந்தை இயக்குகிறது. அது இரவில் கேலாங்கில் நின்று விடியற்காலையில் கிளம்பும். கேலாங்கில் இறங்கி இன்னோர் இரவு தங்கி, மறுநாள் பேருந்தில் தொடர்வது உடலுக்கு இதம்.

5. ‘தாண்டி’யைத் தாண்டுவதற்குள் எரிபொருள் நிரப்புங்கள்

சுரங்கப்பாதை 9.02 கி.மீ. நீளமுள்ளது, உள்ளே வண்டியை நிறுத்தக் கூடாது. தேவதாரு மரங்களும் ஈரமுமாக இருந்த மலை, மறுமுனையில் வெளியே வரும்போது வறண்ட லாஹௌல் பள்ளத்தாக்காக மாறியிருக்கும். குளிர்காற்று சட்டென முகத்தில் அறையும் என்பதால் குளிர்ச்சட்டைகளைச் சுரங்கத்துக்குள் நுழைவதற்கு முன்பே மாட்டிக்கொள்ளுங்கள்.

சந்திரா ஆறும் பாகா ஆறும் கூடும் இடத்தில் உள்ள ஊரின் பெயர் தாண்டி. பெயரைக் கேட்டதும் தமிழர்களுக்குச் சிரிப்பு வரும். சிரித்துக்கொண்டே தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பதுதான் சிக்கல். அடுத்த பெட்ரோல் நிலையம் 365 கி.மீ. அப்பால் என்று அறிவித்த பலகையால் புகழ்பெற்ற இடம் இது. லேவுக்கு 35 கி.மீ. முன்னுள்ள காருவில் நிலையம் உண்டு என்றாலும், 330 கி.மீ. வரை உங்கள் டாங்க்தான் துணை. கேலாங், ஜிஸ்பா இரண்டும் தாண்டிக்கு அப்பால் இருப்பதால், மறந்து போனால் திரும்பி வர வேண்டும். இடைநாளில் தீபக் தால் போய்வருபவர்கள் அந்த எரிபொருளையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

சமவெளியில் லிட்டருக்கு 30 கி.மீ. தரும் பைக் இங்கே அதைத் தராது. 13 லிட்டர் டாங்க் உள்ள வண்டிக்குக் கூடுதலாக 5 லிட்டர் எடுத்துச் செல்வது பாதுகாப்பு. அதை உலோக ஜெரிகேனில், மேலே சிறிது வெற்றிடம் விட்டு நிரப்புங்கள். உயரத்தில் காற்றழுத்தம் குறையக் குறைய உள்ளிருக்கும் ஆவி மூடியைத் தள்ளும். பாரலாச்சா போனதும் உங்கள் பையிலுள்ள சிப்ஸ் பாக்கெட் தலையணையாக ஊதி நிற்பதைப் பார்ப்பீர்கள். தண்ணீர் பாட்டிலில் ஊற்றிய பெட்ரோலுக்கும் அதே கதிதான்.

டயருக்கும் இது பொருந்தும். வெளியழுத்தம் பாதியாகக் குறைவதால் டயரின் அழுத்த அளவு கூடும், குளிர் அதை ஓரளவு குறைக்கும். ஆகவே டெல்லி வெயிலில் பிடித்த காற்றை நம்பாமல், ஜிஸ்பாவில் குளிர்ந்த டயரை ஒரு சிறு காற்றழுத்த மானியால் அளந்து சரிசெய்யுங்கள்.

6. விடியலுக்கு முன் கிளம்புங்கள்

பாரலாச்சாவுக்கு முன்னுள்ள ஜிங்ஜிங்பாரைச் சுற்றிலும் பாரலாச்சாவின் இருபுறமும் பனியுருகிய ஓடைகள் சாலையை வெட்டிக்கொண்டு ஓடும். இவற்றை ‘நாலா’ என்பார்கள். இரவுக் குளிரில் உருகுதல் அடங்கிவிடுவதால் காலை ஆறு, ஏழு மணிக்குக் கணுக்கால் அளவே இருக்கும் ஓடை, பிற்பகல் வெயிலில் முழங்காலுக்கு ஏறும். உருண்டுவரும் கற்களும் சேரும். ஜிஸ்பாவிலிருந்து நாலரை மணிக்குக் கிளம்பச் சொல்வது இதற்காகத்தான்.

பைக்கில் ஓடையைக் கடக்கும் முறையை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் நில்லுங்கள். முன்னால் போகும் லாரியின் சக்கரம் எந்தத் தடத்தில் போகிறது, எங்கே குதிக்கிறது என்று பாருங்கள். முதல் கியரில், ஆக்சிலேட்டரைச் சீராகப் பிடித்து, தண்ணீரைப் பார்க்காமல் எதிர்க்கரையைப் பார்த்துச் செல்லுங்கள். நடுவில் கிளட்சைப் பிடித்தால் வேகம் அறுந்து வண்டி கல்லில் சாயும். புதியவர்களில் பெரும்பாலோர் விழுவது இப்படித்தான். வண்டி விழுந்து புகைக்குழாயில் தண்ணீர் புகுந்துவிட்டால் ஸ்டார்ட்டரை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். கரைக்குத் தள்ளி, வண்டியைச் சாய்த்து நீரை வடியவிடுங்கள்.

நனைந்த காலுறையை உடனே மாற்ற ஓர் உலர்ந்த ஜோடி மேல்பையில் இருக்கட்டும். ஈரக் காலோடு கணவாய் ஏறி, விரல்கள் மரத்துப்போய்ப் பிரேக் மிதியே தெரியவில்லை என்றவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் அன்று கொண்டுவந்த உலர்ந்த காலுறை, பெரிய பையின் அடியில், மழை உறைக்குள், மூன்று கயிறுகளுக்குக் கீழே இருந்தது.

7. பாரலாச்சா முதல் டங்லங் வரை

நாலரைக்குக் கிளம்பினால் ஏழு மணிக்குள் பாரலாச்சா லா, எட்டரை அளவில் சர்ச்சு. சர்ச்சுவில் காலை உணவு. வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், செரிமானமும் ஆக்சிஜன் கேட்கும். கணவாய் உச்சிகளில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். படம் எடுக்க ஓடுவது, பலகை மீது ஏறுவது எல்லாம் அப்போது தெரியாது. அரைமணி கழித்துத் தலைவலியாகத் தெரியும்.

சர்ச்சுவை அடுத்து வருபவை காட்டா லூப்ஸ் எனப்படும் 21 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும் வண்டிக்கு வழிவிடுவது மலைச்சாலை மரபு. இறங்குபவர்கள் ஏறியபோது போட்ட கியரிலேயே இறங்க வேண்டும்; பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். வளைவுகளைக் குறுக்கே வெட்டும் மண்பாதைகள் தெரியும். அவற்றில் இறங்குவது நேரத்தையும் மிச்சப்படுத்தாது. வளைவொன்றில் தண்ணீர் பாட்டில்கள் குவிந்து கிடக்கும் சிறு கோயிலைக் காண்பீர்கள். இறந்துபோன லாரி உதவியாளர் ஒருவரின் ஆவிக்குத் தாகம் தணிக்க ஓட்டுநர்கள் வைப்பதாகச் சொல்வார்கள்.

நகீ லா, லாச்சுங் லா கடந்ததும் பாங். பன்னிரண்டு மணிக்குள் இங்கு வந்துவிட்டால் நல்லது. தாபாக்களில் தேநீரும் மேகியும் பருப்புச் சாதமும் கிடைக்கும். இராணுவ இடைமுகாம் இங்கே இருப்பதால், உடல்நிலை மோசமானவர்கள் ஆக்சிஜன் கேட்டு அணுகக்கூடிய இடமும் இதுதான்.

பாங்கிலிருந்து ஏறியதும் மோரே சமவெளி, சுமார் 40 கி.மீ. நேரான சாலை. இந்தப் பாதையிலேயே மிக எளிதாகத் தோன்றும் இந்தப் பகுதியில்தான் நான் மிகுந்த கவனத்துடன் ஓட்டுகிறேன். பல மணி நேரம் வளைவுகளில் ஓட்டிய களைப்பு, மதிய வெயில், 4,700 மீட்டரின் மெல்லிய காற்று மூன்றும் சேர்ந்து கண்ணைச் செருகும். நேர்சாலை என்பதால் வேகமும் ஏறியிருக்கும். தொலைவில் தெரியாத குழிகளும் தாழ்வுகளும் திடீரென வரும். மூன்று மணிக்குள் டங்லங் லாவைக் கடந்துவிட்டால் மாலைக் காற்றுக்கு முன் ரும்ட்சே சேரலாம்.

8. உடல் சொல்வதைக் கேளுங்கள்

தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை ஆகியவை தொடக்க அறிகுறிகள். இவை இருக்கும்போது மேலே ஏறித் தூங்கக் கூடாது. ஓய்விலும் மூச்சுத் திணறல், நுரையோடு இருமல், தள்ளாட்டம், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் இறங்க வேண்டும். குடித்தவர்போல் நடக்கிறார் என்று நண்பர்கள் கேலி செய்துகொண்டிருப்பார்கள். அது மூளையில் நீர் கோப்பதன் அடையாளமாக இருக்கலாம்.

உயர மலை நோயைத் தடுக்க உதவும் அசெட்டசோலமைடு மாத்திரையை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சிறு ஆக்சிஜன் கேன் சில நிமிடங்களுக்கே வரும். கையில் கேன் இருக்கிறது என்ற துணிச்சலில் இறங்குவதைத் தள்ளிப்போடுவதுதான் அதனால் வரும் கேடு. முதலிரண்டு இரவுகளில் மது வேண்டாம்.

9. கிளைச் சாலைகள்: எதில், எப்போது திரும்புவது

சுரங்கத்தின் வடக்கு வாயிலில் வலப்புறம் திரும்பினால் கோக்சர், கிராம்ஃபு வழியாகக் குன்சும் லா கடந்து ஸ்பிட்டி. கிராம்ஃபுவுக்கும் பாத்தலுக்கும் இடையே சாலை என்பதைவிட ஆற்றுப்படுகை என்றே சொல்லலாம். லே பயணத்தோடு இதைச் சேர்க்க வேண்டாம்.

தார்ச்சாவில் பிரியும் சாலை ஷிங்கு லா கடந்து சன்ஸ்கரின் பதும் சென்று, நிம்முவில் லே–ஸ்ரீநகர்ச் சாலையோடு இணைகிறது. மொத்தம் 298 கி.மீ. ஷிங்கு லாவும் 5,000 மீட்டருக்கு மேல்தான், ஆனால் கணவாய் ஒன்றே; கடந்ததும் நீண்ட இறக்கம். கணவாய்க்கு அடியில் 4.1 கி.மீ. சுரங்கப்பாதைக்கான பணி 2024 ஜூலையில் தொடங்கியது. இரண்டாம் முறை வருபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இந்தச் சாலையைத்தான்.

மோரே சமவெளி முடியும் டெப்ரிங்கில் பிரிந்து சோ கார் ஏரி வழியாகச் சோ மோரிரிக்குப் போகும் சாலைதான் புதியவர்களை அதிகம் மயக்குகிறது. லேவுக்குப் போகும் வழியிலேயே ஏரியைப் பார்த்துவிடலாம் என்று திரும்பி, 4,500 மீட்டருக்கு மேலுள்ள ஏரிக்கரைக் கிராமமான கோர்சோக்கில் தங்கி அவதிப்படுகிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். லேயில் உடல் பழகிய பிறகு, திரும்பும்போது உப்ஷியில் சிந்து நதியை ஒட்டி இடப்புறம் பிரிந்து, சுமாத்தாங், மாஹே வழியாகச் சோ மோரிரி, பிறகு சோ கார், டெப்ரிங் என்று நெடுஞ்சாலையில் சேர்ந்துகொள்ளலாம். டங்லங் லாவை இரண்டாம் முறை ஏற வேண்டியதும் இல்லை.

10. லே சேர்ந்ததும், திரும்பும்போதும்

லே 3,500 மீட்டர். வந்த மறுநாளே கர்துங் லா ஏறாதீர்கள்; ஒரு முழு நாள் நகரத்திலேயே கழியுங்கள். அன்று சங்கிலி, பிரேக் கட்டைகள், காற்று வடிகட்டி ஆகியவற்றைத் தூசு தட்டிப் பாருங்கள். தலைவலி குறையவில்லை என்றால் சோனம் நோர்பு நினைவு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

திரும்பும்போது எரிபொருள் கணக்கு தலைகீழாகும்: லேயிலோ காருவிலோ நிரப்பினால் அடுத்தது தாண்டிதான். சோ மோரிரி சுற்றி வருபவர்களுக்குத் தூரம் கூடும் என்பதால் ஜெரிகேனைக் காருவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். டெப்ரிங்கிலிருந்து நண்பகலில் கிளம்பினால் பாரலாச்சா ஓடைகளைப் பிற்பகல் நீர்ப்பெருக்கில் சந்திப்பீர்கள். உடல் பழகிவிட்டிருப்பதால், இம்முறை சர்ச்சுவில் தங்கிக் காலையில் கடக்கலாம்.